கறவை மாட்டு நலத் திட்டம்: மாட்டுக்காரர் மனமொப்பிச் சேர என்ன செய்யலாம்

கிராமப் பால் சங்கச் செயலாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், கால்நடைக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. ஒன்றிரண்டு கலப்பின மாடுகளை வீட்டோரக் கொட்டகையில் கட்டி, காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றும் குடும்பங்களே இங்கே கணக்கு. ஐம்பது மாட்டுப் பண்ணைக்கு இதில் பாதி பொருந்தாது.

மாட்டு நலம் என்று பேச்செடுத்தாலே பலருக்கு முகம் இறுகிவிடும். விடியுமுன் எழுந்து சாணி வழித்து, புல் அறுத்துச் சுமந்து, மாடு தீனி எடுக்காவிட்டால் இரவெல்லாம் கண்விழிக்கும் குடும்பம் அது. அவர்களிடம் போய் “மாட்டை நல்லா பார்த்துக்க ஒரு திட்டம்” என்றால், “நீ சரியாப் பார்க்கலை” என்றுதான் காதில் விழும். அந்த மனக்கசப்பைத் தாண்டினால் அடுத்து நிற்பது கணக்கு. திட்டம் கேட்கும் காசும் உழைப்பும் இன்றைக்கே போகும். பலன் வரும் நாள் தெரியாது. அதனால் பலன் சீக்கிரம் தெரியும் வேலையை முதலில் வையுங்கள். நாள் பிடிக்கும் வேலை பின்னால் வரட்டும். நடுவில் வரும் நட்டத்தைத் திட்டம் ஏற்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதையொட்டியதுதான்.

பேசப் போகும் முன்

சங்கத்து உறுப்பினர் புத்தகம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, பல வீடுகளில் கறப்பதும்கூடப் பெண்கள். புத்தகத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால், வேலை செய்பவருக்குத் திட்டம் என்னவென்றே தெரியாது. இரண்டாவது வாரத்தில் எல்லாம் நின்றுபோகும். இருவரிடமும் பேசுங்கள், படிவத்தில் இருவர் பெயருக்கும் இடம் விடுங்கள்.

கறவை நேரத்தில் போகவே கூடாது. காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வீட்டில் சற்று ஓய்வு இருக்கும். கூட்டம் போடுவதென்றால் மாலைப் பால் ஊற்றிய பிறகு போடுங்கள். கூட்டத்தை ஊர்ப்பகுதியில் மட்டும் வைத்தால் காலனி வீடுகளிலிருந்து வருபவர் குறைவார்கள். அங்கே தனியாக ஒரு நாள் போய்ப் பேசினால்தான் சேர்க்கை முழுமையாகும். நிலமில்லாமல் மாட்டை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. திட்டத்தால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களும் அவர்களே.

தொடங்கத் தோதான மாதம் தை. மாட்டுப் பொங்கலுக்குக் கொட்டகையைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றியிருப்பார்கள். மாட்டைப் பற்றிப் பேச மனம் இருக்கும். தையில் தொட்டி வைத்தால் பங்குனி, சித்திரை வெயிலுக்குள் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மழைக்குளிரில் மாடு குறைவாகக் குடிக்கும், பலன் கண்ணுக்குத் தெரியாது, நடவு வேலையில் ஆளும் கிடைக்காது.

பொங்கலையொட்டிப் போகும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். பொங்கலோ மிச்சச் சோறோ ஒரு கைப்பிடிக்கு மேல் மாட்டுக்கு வேண்டாம். சோற்று மாவு முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். மாடு அசை போடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழியும், பிறகு எழாது. ஆண்டுதோறும் இப்படி மாடு சாகிறது. அசை நின்றதும் 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

வாய்விட்டுச் சொல்லாத அச்சங்கள்

கூட்டத்தில் “சரிங்க, பண்ணலாங்க” என்பார்கள். அது மரியாதை, சம்மதம் அல்ல. உள்ளே ஓடுவது வேறு.

பால் பணத்தில் பிடித்தம் வருமா என்பதுதான் முதல் பயம். கறவை வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் விற்கக்கூடாது என்று பின்னால் சொல்வார்களோ என்பது அடுத்தது. நடைமுறையில் ஆளை அதிகம் விலக்குவது இதுதான். காதில் தோடு போட்டு எண் எடுத்தால் அரசாங்கம் கணக்குக் கேட்குமோ, ஆய்வுக்கு வருபவர் வழக்குப் போடுவாரோ என்பதும் உண்டு. கொட்டகை நிற்கும் இடம் புறம்போக்காகவோ அடுத்தவர் மனையாகவோ இருந்தால், கட்டுமானம் கேட்கும் எந்தத் திட்டத்துக்கும் அவர் தலையாட்ட முடியாது. காரணத்தையும் சொல்ல மாட்டார்.

இவற்றுக்குப் பதிலைக் கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதிரி கீழே இருக்கிறது. காதுத் தோட்டைப் பற்றி நேராகச் சொல்லுங்கள்: 12 இலக்க எண் கொண்ட அந்தத் தோடு, கோமாரித் தடுப்பூசிக் கணக்குக்கும் மாட்டுக் காப்பீட்டுக்கும் அடையாளம். காப்பீடு செய்த மாடு இறந்தால் தோடு இல்லாமல் பணம் வாங்குவது பெரும்பாடு. காது புண்ணாகும் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. நரம்பு ஓடும் இடத்தில் குத்தினாலும், மருந்து தடவாமல் விட்டாலும் சீழ் பிடித்துப் புழு வைக்கும். தோடு போட்டவர் ஐந்தாம் நாள் திரும்பி வந்து காதைப் பார்த்தாலே பாதிக் கோபம் தணியும்.

முதல் படி: தண்ணீர்

தமிழில் மாட்டுக்குத் “தண்ணி காட்டுவது” என்கிறோம். அந்த வழக்கம்தான் நம் கறவை மாடுகளுக்கு முதல் குறை. தாகம் எடுத்தபோது குடிக்க வழியில்லை. நாம் காட்டும்போதுதான் குடிக்க முடியும். பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு கோடையில் ஒரு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் குடிக்கும், கடும் வெயிலில் அதற்கு மேலும். பாலில் சுமார் 87 விழுக்காடு தண்ணீர். குடிக்காத தண்ணீர் பாலாக வராது.

கொட்டகையில் உரையாடல் இப்படிப் போகட்டும்:

“அக்கா, இந்தச் செவலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் காட்டுறீங்க?”

“காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுங்க. கழனித்தண்ணி தனி.”

“மூணையும் மிச்சமில்லாமக் குடிக்குதா?”

“அடி வரைக்கும் நக்கிட்டு நிக்குங்க.”

அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடம் 15 லிட்டர் என்றால் மூன்றுக்கு 45 லிட்டர். மாடு அடியை நக்குகிறது என்பதே போதவில்லை என்பதற்குச் சாட்சி, அதையும் சொன்னவர் அவரே. நீங்கள் குறை சொல்ல வேண்டிய தேவையில்லை.

பிறகு பத்து நாள் சோதனை. முதல் மூன்று நாள் வழக்கப்படியே காட்டி, குடத்தை மட்டும் எண்ணட்டும். நான்காம் நாள் முதல் மாட்டின் வாய்க்கு எட்டும் தூரத்தில் தொட்டி வைத்து, இரவும் பகலும் தண்ணீர் இருக்கும்படி நிரப்பட்டும். தனியாகப் பால் அளக்க வேண்டாம். சங்கத்துச் சீட்டில் இரு வேளை லிட்டர் கணக்கு இருக்கிறது. வீட்டுக்கு எடுக்கும் பாலும் கன்றுக்கு விடும் பாலும் பத்து நாளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு பொய் சொல்லும். இரண்டு மாடு கறக்கும் வீட்டில் இரண்டுக்கும் தொட்டி வையுங்கள்.

தொட்டி ஒரு மாட்டுக்கு 100 லிட்டர் கொள்ள வேண்டும். பாதியாக வெட்டிய 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் போதும். விளிம்பை நெருப்பில் காட்டி மழுக்குங்கள், அல்லது பழைய குழாயைப் பிளந்து மாட்டுங்கள். இல்லையேல் தாடை கிழியும். விளிம்பு தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் மாடு காலை விடும், கன்று விழும்.

தொட்டி வைத்தும் மாடு குடிக்கவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

- தவிட்டையோ புண்ணாக்கையோ அதே தொட்டியில் கலந்திருப்பார்கள். கோடையில் சில மணி நேரத்தில் புளித்து நாறும். தீவனத் தண்ணீர் தனித் தாளியில், தொட்டியில் வெறும் தண்ணீர் என்று பிரியுங்கள்.
- தொட்டி வெயிலில் நிற்கும், அதுவும் கறுப்புத் தொட்டி. மதியம் கையை விட்டுப் பார்த்தால் வெந்நீராக இருக்கும். நிழலுக்கு மாற்றி ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.
- பாசி பிடித்திருக்கும். நான்கு நாளைக்கொரு முறை காலி செய்து தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். சிமென்ட் தொட்டிக்குப் பதினைந்து நாளைக்கொரு முறை உள்ளே சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். நான்கு நாள் என்பதற்கு வேறு காரணமும் உண்டு: டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்போல் ஆகும். சுகாதாரப் பணியாளர் வந்து தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னால் திட்டமும் சேர்ந்து கவிழும்.

“தண்ணி அதிகம் குடிச்சா பால் நீர்த்துப் போகும், டிகிரி இறங்கும்” என்பார்கள். டிகிரி என்பது பால்மானி காட்டும் அளவு. சங்கத்தில் கொழுப்புக்கும் இதர சத்துக்கும் சேர்த்து விலை போடுவதால் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் குடித்த தண்ணீர் நேராக மடிக்குப் போவதில்லை. மடியில் பால்சர்க்கரை எவ்வளவு சுரக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் நீர் உள்ளே இழுக்கப்படும். அந்த விகிதத்தைக் குடிநீர் மாற்றாது. கோடையில் டிகிரி இறங்குவது, வெக்கையில் மாடு சோளத்தட்டும் வைக்கோலும் தின்னாமல் ஒதுக்குவதால். தண்ணீர் கிடைக்கும் மாடு தீனியும் கூடுதலாக எடுக்கும்.

இத்தனை லிட்டர் கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கும் மாட்டில் எதுவும் கூடாது. அரை லிட்டர் கூடினால், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 525 ரூபாய். இந்தக் கணக்கை அவருடைய சீட்டை வைத்து அவரே போடட்டும்.

இரண்டாம் படி: கயிறும் தரையும்

இதற்குச் செலவு குறைவு. மூக்கணாங்கயிற்றிலேயே முளையில் கட்டியிருந்தால் கழுத்துப் பட்டைக்கு மாற்றுங்கள். மூக்கணாங்கயிறு பிடித்து நடத்துவதற்கு மட்டும். கயிற்றின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்வதைவிட மாட்டை வைத்துச் சொல்லலாம். மாடு படுத்து, தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக் கண் மூட முடிய வேண்டும். கயிறு முறுக்கிக் காலில் சுற்றும் என்ற பயத்துக்குச் சுழல் வளையம் ஒன்று போதும், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

தரையைப் பற்றிப் பேச வேண்டாம், காட்டுங்கள். மாடு படுக்கும் இடத்தில் நீங்களே வேட்டியோடு மண்டியிட்டுப் பத்து எண்ணுங்கள். வேட்டி நனைந்தால் மடியும் அப்படித்தான் இரவெல்லாம் நனைகிறது. முட்டி வலித்தால் 400 கிலோ மாட்டின் முன்னங்காலுக்கு எப்படியிருக்கும் என்று வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும். எழுந்ததும் மாட்டின் முன்முட்டியைப் பாருங்கள். மயிர் உதிர்ந்து தோல் தடித்தோ, எலுமிச்சை அளவு வீங்கியோ இருந்தால் தரைதான் காரணம். கறவை மாடு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். கரடுமுரடுத் தரையில் நின்றே பொழுதைப் போக்கும், குளம்பு கெடும்.

ரப்பர் விரிப்பு வாங்கச் சொல்வதற்கு முன் மலிவான வழிகளைப் பாருங்கள். மண் தரையானால் குழியை நிரப்பி, பின்பக்கம் நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு வரும்படி கெட்டித்து, மூத்திரம் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். சிமென்ட் தரையானால் தென்னை நார்க்கழிவோ, காய்ந்த கரும்புச் சோகையோ, மாடு ஒதுக்கிய வைக்கோலோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, நனைந்த பகுதியைத் தினம் அள்ளுங்கள். வழுக்கும் தரையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு வெட்டலாம். ரப்பர் விரிப்பு போட்ட வீடுகளில் அடிக்கடி நடப்பது: அடியில் மூத்திரம் தேங்கி நாறும், விரிப்பைத் தூக்கிக் கழுவ ஒருவரால் முடியாது, மூன்று மாதத்தில் வெளியே எறிவார்கள். சரிவு இல்லாத தரைக்கு விரிப்புக் கொடுக்காதீர்கள்.

வெக்கை

வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு மாட்டின் விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் வெக்கையில் வாடுகிறது. 80-க்கு மேல் வாயைத் திறந்து நுரை தள்ளினால் ஆபத்து. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் தென்னங்கீற்றோ சோளத்தட்டோ பரப்பி, வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வித்தியாசம் தெரியும். கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்கே மின்விசிறி இல்லாமல் வெறும் புகைநீர் தெளிப்பான் வைத்தால் புழுக்கம்தான் கூடும். முதுகு நனைய ஊற்றிவிட்டு விசிறியை ஓட்டுவது சரி.

மூன்றாம் படி: மடி

திட்டத்தில் நிலைத்திருக்க வைப்பது இந்தப் படி. மடி நோயில் ஒரு காம்பு செத்தால் மாட்டின் விலை சரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாத மடி நோய் பாலையும் சத்தையும் குறைத்துக்கொண்டே இருப்பது தெரியாது. அதைக் காட்டச் சங்கத்தில் ஒரு கலிபோர்னியா சோதனைத் தட்டு இருந்தால் போதும்.

தட்டில் நான்கு கிண்ணம், ஒவ்வொரு காம்புக்கும் ஒன்று. முதல் இரண்டு மூன்று பீச்சை வேறு பாத்திரத்தில் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றிலும் 2 முதல் 3 மில்லி பால் எடுங்கள். அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றிப் பத்து வினாடி வட்டமாகச் சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நலம். கஞ்சிபோல் இழுத்தால் அந்தக் காம்பில் தொற்று. கன்று ஈன்ற முதல் ஐந்து நாளிலும், கறவை வற்றும் தறுவாயிலும் சோதிக்காதீர்கள். நோய் இல்லாமலேயே கெட்டியாகும். அப்படி ஒரு முறை தவறாகச் சொல்லிவிட்டால் பிறகு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. கைகழுவி, மடியைக் கழுவித் துடைத்து, காய்ந்த மடியில் கறப்பது. கறந்ததும் 0.5 விழுக்காடு அயோடின் கரைசலில் காம்பை முக்குவது. அடுத்த கறவைக்கு முன் துடைத்துவிடுவது. கறந்தவுடன் பசும்புல் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வைப்பது. காம்பின் துளை மூட அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போகும்.

இனி முக்கியமான விஷயம். மருத்துவர் உயிர்எதிரி மருந்து (ஆன்டிபயாடிக்) போட்டால், மருந்துச் சீட்டில் குறித்த நாட்களுக்கு அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. ஒரு மாட்டை நம்பி வாழும் வீட்டில் அது நான்கு நாள் வருமானம். ஈடு கொடுக்காமல் “ஊற்றாதே” என்றால் ஊற்றத்தான் செய்வார்கள், அல்லது மருத்துவரை அழைக்கவே மாட்டார்கள். மாடு வலியோடு நிற்கும். ஊற்றாத பாலுக்குத் திட்டமே பணம் தர வேண்டும். 40 மாடுகள் உள்ள திட்டத்தில் ஆறு மாதத்தில் 8 மாடுகளுக்கு மருந்து, தலா 4 நாள், நாளுக்கு 8 லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,960 ரூபாய். ஒரு விளம்பரப் பலகைக்கும் திறப்புவிழாப் பந்தலுக்கும் ஆகும் செலவுதான் இது. வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

ஊசி போட்டுக் கறக்கும் வீடு இருந்தால் கூட்டத்தில் பெயர் சொல்லாதீர்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பால் கூட்டவென்று மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவதைத் தண்டிக்கிறது. அதைத் தனியே சொல்லலாம். அதற்கு முன் மாடு ஏன் சுரக்கவில்லை என்று பாருங்கள். கன்று இறந்திருக்கும், கறக்கும் ஆள் மாறியிருப்பார், அல்லது அடித்து அதட்டிக் கட்டியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் மடியைக் கழுவித் தடவி, சுரப்பு இறங்கியதும் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்கப் பழக்குங்கள். அதே ஆள், அதே நேரம், அதே இடம்.

குளம்பும் கன்றும்

குளம்பு சீவுவது ஆண்டுக்கு இருமுறை. தனித்தனியாக அழைத்தால் ஆள் கிடைக்காது. சங்க வாசலில் ஒரு நாள் குறித்து, பயிற்சி பெற்றவரை வரவழையுங்கள். நிறைசினை மாட்டைக் கட்டிச் சாய்க்கக் கூடாது.

கன்று விஷயம் கடைசிப் படி. பால் விற்றுப் பிழைக்கும் வீட்டில் கன்றுக்குக் கூடுதலாகப் பால் விடு என்பது காசைக் கேட்பதுபோலத்தான். குறைந்தபட்சமாக இரண்டு மட்டும் கேளுங்கள். எந்தக் கன்றானாலும் பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று தடவையாக. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் விடக் கூடாது என்ற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. கன்றுச் சாவுக்கு அது பெரிய காரணம். தொப்புளுக்கு அயோடின் வைப்பது இரண்டாவது. காளைக்கன்று பிறந்தால் பட்டினி போடும் வழக்கத்தைக் கண்டித்து மாற்ற முடியாது. பாலினம் பிரித்த விந்துக்குச்சியில் பத்துக்கு ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். அதன் விலையில் ஒரு பங்கைத் திட்டம் கொடுத்தால் அந்தச் சிக்கலே குறையும்.

சம்மதத்தைக் கேட்கும் முறை

“சேர்றீங்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். மூன்று அட்டை தயார் செய்யுங்கள். முதல் அட்டை: தொட்டியும் மடிச் சோதனையும் இலவசம், ஆறு மாதம், மாதம் ஒரு வருகை, பணம் இல்லை. இரண்டாவது: மாட்டுக்கு மாதம் ஒரு தொகை, ஓராண்டு, மாதம் இரு வருகை, தரையும் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது: இரண்டும் வேண்டாம். மூன்றாவது அட்டை கட்டாயம் இருக்க வேண்டும். அதுதான் மற்ற இரண்டுக்கும் மதிப்பு. வீட்டில் வைத்துத் தனியாகக் காட்டி, ஏன் அதை எடுத்தார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இருபது வீட்டில் கேட்டாலே தடை எது என்று தெரிந்துவிடும்: பணமா, காலமா, ஆள் வருவதா. பலர் குறைந்த பணமும் குறைந்த காலமும் உள்ள அட்டையை எடுத்தால், கட்டுப்பட்டுவிடுவோமோ என்பதுதான் அவர்கள் கவலை. தொகையை உயர்த்திப் பயனில்லை.

அதற்குப் பிறகும் கையெழுத்து வேண்டாம். “ஒரு வாரம் குடத்தை எண்ணி வையுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். எண்ணி வைத்தவர்தான் சேர்ந்தவர்.

முதல் ஐந்து வீட்டைத் தேர்வு செய்வதில் பலர் சறுக்குகிறார்கள். கறவை இயந்திரமும் இருபது மாடும் உள்ள முன்னோடி விவசாயியைக் காட்டினால், “அவருக்கென்ன, காசு இருக்கு” என்று ஊர் ஒதுங்கிவிடும். ஒற்றை மாட்டு வீடு, பெண் தனியாக நடத்தும் வீடு, குடிநீர்க் குழாய் தொலைவில் உள்ள வீடு என்று எடுங்கள். கடைசியாகச் சொன்னதில் நடந்தால் எங்கும் நடக்கும்.

ஒரு பக்கப் படிவம்

படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. ஒரு படி அவர் வீட்டில் இருக்க வேண்டும். முதல் அட்டை எடுத்தவருக்குச் சொற்கள் இப்படி இருக்கலாம்:

1. இது தை முதல் ஆனி வரை ஆறு மாதத் திட்டம். நான் தேர்ந்தெடுக்கும் மாட்டுக்கு மட்டும் செய்வேன்.
2. என் பால் பணத்தில் இந்தத் திட்டத்துக்காக எந்தப் பிடித்தமும் கிடையாது.
3. மாட்டையும் கன்றையும் வைத்திருப்பதும் விற்பதும் என் விருப்பம்.
4. முன்கூட்டிச் சொன்ன நாளில்தான் கொட்டகைக்கு வருவார்கள். என்னைக் கேட்காமல் படம் எடுக்க மாட்டார்கள்.
5. மருந்து போட்டதால் ஊற்றாத பாலுக்கு, முந்தைய பத்து நாள் சராசரிப்படி, அடுத்த பட்டுவாடாவிலேயே பணம் தருவார்கள்.
6. வேண்டாமென்றால் வாயால் சொல்லி விலகலாம். மூன்று மாதம் ஆகியிருந்தால் தொட்டி எனக்கு. ஆகாவிட்டால் திருப்பித் தருவேன்.

பணமும் வருகையும்

அறிவிக்கும் முன் கையில் உள்ள பணத்தை மாட்டுக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் 2015-இல் தொடங்கிய ‘இனிஷியாட்டிவ் டியர்வோல்’ என்ற திட்டத்தில், விற்கும் இறைச்சிக்குக் கிலோவுக்கு 4 சென்ட் வீதம் அங்காடிகள் நிதி கொடுத்தன. பன்றி, கோழி வளர்ப்போருக்கு அதிலிருந்து ஊக்கத்தொகை. பன்றி வளர்ப்போர் நிதி தாங்கும் அளவைத் தாண்டி விண்ணப்பித்துவிட்டதால் பலர் காத்திருப்புப் பட்டியலில் நிற்க நேர்ந்தது. விருப்பம் இருந்தது, பணம் போதவில்லை. நம் ஊரில் ஒரு முறை பேர் எழுதிக்கொண்டு பிறகு வராவிட்டால், அடுத்து வருபவருக்கும் கதவு திறக்காது. பதினைந்து வீட்டுக்குப் பணம் இருந்தால் பதினைந்தோடு நிறுத்துங்கள்.

ஊக்கத்தொகையை ஆண்டு முடிவில் மொத்தமாகக் கொடுப்பது வீண். பால் பட்டுவாடாவோடு, தனி வரியாக, அந்தந்த முறை கொடுங்கள். முதல் ஆண்டில் செய்த வேலைக்குப் பணம் கொடுங்கள்: தொட்டி நிறைந்திருந்ததா, தரை காய்ந்திருந்ததா. நொண்டும் மாடு இல்லை, மடி நோய் இல்லை என்ற முடிவுக்குப் பணம் கட்டினால், நொண்டும் மாட்டை வருகை நாளில் பக்கத்து வீட்டுக்கு ஓட்டிவிடுவார்கள், மருந்தும் கிடைக்காது.

வருகைக்குப் போகிறவர் சங்கத்தில் பால் சோதிப்பவராக இருக்கக் கூடாது. கொட்டகையில் குறை எழுதினால் நாளைக்குக் கொழுப்பு அளவு குறையும் என்று நினைத்துவிட்டால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். ஒரு கொட்டகைக்குப் பத்து நிமிடம், எட்டே கேள்வி: தண்ணீர், கயிறு, தரை ஈரம், முட்டி, மூச்சு எண்ணிக்கை, மடி, நடை, உடல் மெலிவு. பார்த்ததை அங்கேயே வாயால் சொல்லி, வீட்டிலிருக்கும் நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள். நோட்டு உங்களிடம் இருந்தால் அது புகார்ப் புத்தகம். அவரிடம் இருந்தால் மாட்டின் கணக்கு.

மூன்றாம் மாதத்தில் ஒரு தொய்வு வரும். கறவை நாள் கூடக்கூட பால் தானாகக் குறையும். “தொட்டி வச்சும் குறைஞ்சிடுச்சு” என்பார்கள். ஈன்று இரண்டு மாதம் வரை ஏறி, பிறகு மாதாமாதம் இறங்குவது எந்த மாட்டுக்கும் இயல்பு என்பதைத் தொடக்கத்திலேயே நோட்டில் கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். மாட்டின் ஈன்ற தேதியைச் சேர்க்கை நாளிலேயே எழுதுங்கள். தேதி இல்லாத நோட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

யாராவது விலகினால் அதே வாரம் போய், பேசிக் கூப்பிடாமல், காரணத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி அங்கேயே இருந்தால் இருக்கட்டும். அடுத்த கோடையில் அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மடிச் சோதனை நாள் வரும்போது அந்த வீட்டுக்கும் சொல்லியனுப்புங்கள்.